கண்ணில் விழுந்த கரி

துளசிராம் சொல்லித்தான் சீட்டு எடுத்தேன்.
மதுரையிலிருந்து உசிலம்பட்டி போய்த் திரும்ப
ஒரே ஒரு ஞாயிறு, நீராவி வண்டி,
ஆளுக்கு எண்ணூற்றைம்பது.
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால்
மிச்சக் காசில் நாலு பேர் கறிதோசை தின்னலாமே என்றேன்.
அவன் கேட்டது கரி மட்டும்தான்.
எந்தச் சுரங்கத்துக் கரி என்று
விசாரித்து வைத்திருந்தான்.

ரயில்வே காலனிப் பக்கம்
மேடை கட்டி நிறுத்திய எஞ்சினை
முன்பே நூறு முறை காட்டியிருக்கிறான்.
புகைக்கூண்டில் அணில் குடித்தனம்.
துருவின் மேலேயே
வருடா வருடம் கறுப்படித்துவிடுகிறார்கள்.
தொட்டால் சுடும்,
அது சித்திரை வெயில்.

இது அப்படியில்லை.
நடைமேடையில் நின்று பெருமூச்சு விட்டது.
பக்கத்தில் போனவர் வேட்டி நனைந்தது.

தண்ணீர் ஊற்றத் தீயணைப்பு வண்டி வந்தது.
'அணைக்க வரல, ஊட்ட வந்திருக்கு'
என்றான் துளசிராம்.
அதையே மூன்று பேரிடம் சொன்னான்.
கரி தள்ளிய அருளப்பன்
கூலிங்கிளாஸைக் கழற்றவே இல்லை,
செல்பி கேட்டவர்களுக்காக ஒரு கை,
மண்வெட்டிக்கு ஒரு கை.

நாகமலை கூடவே வந்தது.
வடபழஞ்சி கேட்டில்
அடைத்து வைத்ததற்கு ஒருவரும் திட்டவில்லை.
எல்லோர் கையும் மேலே, கையில் செல்போன்.
ஆடுகள் மட்டும் ஓடின.

வளைவில் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.
கடைசிப் பெட்டிக்குப் பின்னால்
ஒரு டீசல் எஞ்சின்
யாருக்கும் தெரியாத மாதிரி
தள்ளிக்கொண்டு வந்தது.

சன்னலோரம் துளசிராம்,
தலை முன்பக்கம், முகமெல்லாம் மசி.
சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.
கண்ணில் விழுந்தது.

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரி.
பயிற்சி டாக்டர் எப்சிபா கேட்டாள்:
'வெல்டிங்கா? கிரைண்டிங்கா?'
'ரயில் எஞ்சின் கரி.'
'எந்த வருஷத்துலேர்ந்து சார் வர்றீங்க?'

கணினிப் பட்டியலில் தேடினாள்.
உமி இருந்தது, சுண்ணாம்பு, பட்டாசு,
வண்டு, கருவேல முள் இருந்தது.
நிலக்கரி இல்லை.
'மற்றவை' என்று அழுத்திவிட்டு
வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள்.

ஐந்து பேர் வந்தார்கள், வெள்ளைக் கோட்டில்.
மோவாயைத் தாங்கியில் வைத்து
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஆளுக்கு அரை நிமிடம்.
லென்சுக்கு அந்தப் பக்கம்
ஒவ்வொரு கண்ணாக வந்து
'அட' என்று போனது.
ஒருத்தி இரண்டாம் தடவையும் வந்தாள்.
நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஊசி முனையில் எடுத்துக் காட்டினாள்.
கடுகில் பத்தில் ஒன்று இருக்காது.
கேட்டு வாங்கி
சொட்டுமருந்து மூடியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் துளசிராம் வீட்டுக்குப் போய்த்
திறந்து காட்டினேன்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, பங்கு பிரித்ததில் ஏமாந்தவன் குரலில்:
'போக வர சன்னல்ல உக்காந்தது நானு.
கண்ணக்கூடச் சிமிட்டலடா.'

டீசலைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம்.
கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.
'தெரியும், விடு' என்பானோ என்றும் ஒரு பயம்.

பூதக்கண்ணாடி எடுத்து வந்தான்.
முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்,
இன்னும் கிட்டே.
பெருமூச்சு விட்டான்.

மூடி காலி.

கறுப்பும் சிவப்புமாய்ப்
புள்ளி போட்ட தரை அவன் வீட்டில்.
இரண்டு பேரும் முழங்கால் போட்டு
செல்போன் வெளிச்சத்தில் தேடினோம்.
ஒவ்வொரு கறுப்புப் புள்ளியையும்
அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.
'மூச்சு விடாதே' என்றான் என்னிடம்.